பறவை ஒட்டிய மடிக்கணினியில் வைஃபை வரவில்லை

செப்டம்பர் 6, சனி

காலையில் அத்தையை, அதாவது என் மாமியாரை, கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, மூன்று நிமிடம் பார்த்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு, வயசு ஆயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். "இதச் சொல்றதுக்கு ஒருத்தரு படிச்சிருக்காரு பாரு" என்று அத்தை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தால் என் மடிக்கணினியின் முதுகில் ஒரு ஸ்டிக்கர். கூண்டைவிட்டு வெளியே பறக்கும் பறவை. என் வீட்டுக்காரர் செயலாளராக இருக்கும் கட்டற்ற மென்பொருள் வட்டத்தின் சின்னம். வட்டத்தில் ஒன்பது பேர், பதினோரு கருத்து. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இருக்கிற நிரல் நல்ல நிரல். கம்பெனிக்காரன் பூட்டிக் கொடுப்பது கெட்ட நிரல். பூட்டிய நிரல் ஒன்றுகூட இல்லாத கணினிக்குத்தான் பறவை. இருக்கிறதா இல்லையா என்று வீடு வீடாகப் போய்ச் சோதிப்பவர் செயலாளர்.

"நம்ம வீட்ல ரெண்டுக்குமே கெடச்சிருச்சு" என்றார், பெற்ற பிள்ளைகள் இரண்டும் பாஸானது மாதிரி. கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் கேட்காமல் அவர் கொடுத்த இரண்டாவது பொருள் இது. முதலாவது ஒரு பென்டிரைவ்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். வைஃபை இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

இன்றும் இல்லை.

டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முனகிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்வது என் வேலை. பதினான்கு வருஷம். ஆகவே இதையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

நோயாளி: ஒல்லியான மடிக்கணினி, வயது நான்கு. முறையீடு: நேற்றிலிருந்து வைஃபை இல்லை. எங்கள் வீட்டினுடையது மட்டுமல்ல, அக்கம்பக்கத்து வைஃபை எதுவும் கண்ணில் படவில்லை. காய்ச்சல் இல்லை. பசி உண்டு, சார்ஜ் நன்றாகத் தின்கிறது. கூடப் பிறந்த இரட்டை, அதாவது அதே நாளில் அதே கடையில் வாங்கிய அவருடைய மடிக்கணினி, நலம். அவர் மடியில் சுகமாக இருக்கிறது.

"அப்டேட் ஏதாவது ஆயிருக்கும்" என்றார்.

"உங்களுதுக்கும்தானே ஆச்சு?"

"நான் ஒழுங்கா பராமரிக்கிறேன். நீ நாப்பது டேப் தெறந்து வெச்சிருக்க."

நாற்பது டேப் திறந்து வைத்து வைஃபையைக் கொன்ற முதல் பெண்மணி நான்தான் போலிருக்கிறது.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் 26ஆம் தேதி தர ஆய்வாளர் தேர்வு. தேறினால், மற்றவர்கள் தட்டியதைத் திருத்தும் இடத்தில் உட்காரலாம். நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் எழுதியாக வேண்டும். எனக்கு அக்டோபரில் முடிகிறது. அதனால் இது ஒரே ஒரு தடவைதான். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் பதிவு செய்த கணினியில் மட்டும். என்னுடையதைப் போன மாதமே பதிவு செய்தாயிற்று. கதவு சாத்திய அறை. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். போன் அறைக்குள் வரக் கூடாது. மூன்று நிமிடம் இணைப்பு அறுந்தால் எழுந்து போய்ச் சமைக்கலாம்.

இதையெல்லாம் அவரிடம் போன மாதம் சொன்னேன். "ம்" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலை நிற்கக் கூடாது. இந்த மடிக்கணினி ஒல்லியாக இருக்க வேண்டும் என்பதற்காக கேபிள் சொருகும் துளையைக்கூட விட்டுவிட்டார்கள். எனவே போனில் வைஃபை பிடித்து, போனிலிருந்து வயர் போட்டு மடிக்கணினிக்குக் கொடுக்கிறேன். எங்கள் போன்கள் இரண்டும் கிழடு. ரூட்டர் பக்கத்தில் வைத்தால்தான் நிற்கும். ரூட்டர் கூடத்தில், செருப்பு அலமாரிக்கு மேலே. ஆக, என் புது அலுவலகம் செருப்பு அலமாரியை ஒட்டி ஒரு ஸ்டூல். ஒரு காதில் டாக்டர், ஒரு காதில் அத்தையின் டி.வி. இன்று ஒரு நோயாளியின் அறிக்கையில் "பித்தப்பையில் கல்" என்பதற்குப் பிறகு "நீ என் மகனே இல்லை" என்று தட்டிவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கடையில் விசாரித்து, விரல் நீளத்தில் ஒரு யூ.எஸ்.பி. வைஃபை வாங்கி வந்தேன். சொருகினால் போதும் என்றார் கடைக்காரர். சொருகப் போனேன். அவர் குளியலறையிலிருந்து தலை துவட்டாமல் ஓடி வந்தார்.

"சொருகாத! அதுக்குள்ள பூட்டின நிரல் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"பறவை ஒட்டியிருக்கோம்ல?"

சாயங்காலம் அவரே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இவ்வளவு சுறுசுறுப்பாக அவர் எந்தக் கடைக்கும் போய் நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 13, சனி

வட்டம் எங்கள் வீட்டில் கூடியது. ஸ்டூலைக் காலி செய்துகொடுத்தேன்.

28ஆம் தேதி ஆண்டுக் கூட்டமாம். செயலாளர் பேசப் போகிறார். தலைப்பு: "கட்டாயமில்லாத கணினி". நடுவில் ஒரு தாடிக்காரர் மட்டும் என்னைப் பார்த்து, "மேடம், வைஃபை வரலயாமே? என்ன சில்லு... சிப்பு போட்டிருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர், "நாற்காலி எத்தனை சொல்லணும்?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

மூன்று மணி நேரம் விடுதலையைப் பற்றிப் பேசிய ஒன்பது பேரில் ஒருவரும் அவரவர் டம்ளரைக் கழுவவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

இன்னும் பதினோரு நாள். அவரை நம்பினால் ஆகாது. நானே இறங்கிவிட்டேன்.

இணையத்தில் இந்த மாதிரி நோய்க்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. ஒரு மதியம் முழுக்க வாசித்தேன். ஒருவன் "ரீஸ்டார்ட் செய்" என்கிறான். இன்னொருவன் "ரீஸ்டார்ட் செய்பவன் முட்டாள்" என்கிறான். மூன்றாமவன் கேள்வியையே குறை சொல்கிறான். நான்காமவன் ஆறு வருஷத்துக்கு முன்னால் "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். எப்படிச் சரியானது? சொன்னால் வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்?

என் கேள்வியையும் போட்டேன். நான்கு பத்தி. தேர்வு, வயது, செருப்பு அலமாரி எல்லாம் எழுதினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பதில் வந்திருக்கிறது. "கிழநண்டு" என்று ஒரு பெயர். ஆணா பெண்ணா தெரியாது.

"கதை வேண்டாம். கறுப்புத் திரையைத் திறந்து கீழே உள்ள வரியைத் தட்டுங்கள். வருவதை எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். சுருக்கிச் சொல்லாதீர்கள்."

கோபம் வந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. சொன்னதை எழுத்து மாறாமல் தட்டுவதுதானே என் பிழைப்பு?

கறுப்புத் திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. கணினி எழுந்ததிலிருந்து தனக்குத்தானே முனகிக்கொண்டே இருந்திருக்கிறது, டாக்டர்கள் மாதிரி. பொறுமையாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி: "ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை -2". ஒட்டிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நண்டின் பதில், அப்படியே:

"சில்லை ஓட்டும் டிரைவர் நிரல் நன்றாக இருக்கிறது. சில்லு எழுந்திருக்க ஃபர்ம்வேர் என்று இன்னொரு கோப்பும் வேண்டும். சில்லு செய்த கம்பெனி பூட்டித் தருவது. பிழை -2 என்றால் அந்தக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை."

"நான்கு வருஷமாக ஓடியதே?" என்று கேட்டேன்.

"அப்படியென்றால் நான்கு வருஷமாக இருந்தது. இப்போது இல்லை. கோப்புக்குக் கால் கிடையாது. உங்கள் கணினியை வேறு யார் தொடுவார்கள்?"

இரவுச் சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன். "ஃபர்ம்வேர் கோப்பு இல்லியாம்." கையிலிருந்த கவளம் பாதி வழியில் நின்றது. பிறகு, "மன்றத்துல எல்லாம் அரைகுறைங்க. சனிக்கிழமை நானே முழுசா உக்காந்து பாக்கறேன்" என்றார். உப்புப் போதவில்லை என்று அத்தை சொன்னார். பேச்சு அத்தோடு முடிந்தது.

செப்டம்பர் 20, சனி

உட்கார்ந்தார். நான்கு மணி நேரம். எங்கிருந்தோ எதையோ இறக்கினார், கட்டினார், உடைத்தார். பூட்டில்லாத மாற்றுக் கோப்பை உலகத்தில் யாராவது எழுதியிருப்பார்களாம், தேடிக்கொண்டே இருந்தால் கிடைக்குமாம். கடைசியில் ஒலியும் போய்விட்டது. அதை மட்டும் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, "பாத்தியா, சவுண்டு வந்துருச்சு" என்றார்.

அத்தை டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் சொன்னார்: "எட்டு வயசுல ரேடியோவைப் பிரிச்சுப் போட்டான். அப்பா வந்து கேட்டதும் கூடவே சேந்து ரெண்டு நாள் ரிப்பேர் பண்ணுனான். மூணாம் நாள்தான் தெரிஞ்சது, ஒரு பாகம் இவன் டவுசர் பையில இருந்துச்சு."

அவர் சட்டென்று எழுந்து மாடிக்குப் போனார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எந்த டாக்டரும் முதலில் கேட்கிற கேள்வியை நான் பதினைந்து நாளாகக் கேட்கவே இல்லை: நோய் வருவதற்கு முந்தின நாள் என்ன நடந்தது? கணினியில் எதைச் சேர்த்தாலும் எடுத்தாலும் தேதியோடு பதிந்து வைக்கும் கோப்பு ஒன்று உண்டு என்று நண்டு எழுதியிருந்தது. காலையில் திறந்தேன்.

செப்டம்பர் 6. காலை 10:42. நீக்கப்பட்டது: ஃபர்ம்வேர் தொகுப்பு.

10:42க்கு நான் கண் டாக்டரின் வரவேற்பறையில் இருந்தேன். எடுத்த பிறகும் அன்று முழுக்க ஓடியிருக்கிறது. மறுநாள் அணைத்துப் போட்டதும் செத்திருக்கிறது.

சரி, தவறிப்போய் எடுத்திருப்பார் என்று ஒரு மணி நேரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். ஆண்டுக் கூட்டப் பேச்சைத் தட்டித் தர வேண்டுமாம். என்னுடையதில்தான் வைஃபை இல்லையே, அவருடைய மடிக்கணினியில் தட்டு என்றார். அவர் அறைக்குள் நடந்துகொண்டே சொல்ல, நான் தட்டினேன். மூன்றாவது பத்தியில் இந்த வரி வந்தது:

"ஒருவரின் கணினியில் அவருக்குத் தெரியாமல் ஒரு எழுத்தை மாற்றினாலும் அது அத்துமீறல்தான்."

நிறுத்தினேன். "இத அப்படியே அடிக்கட்டுமா?"

"அப்படியே அடி. முக்கியமான வரி."

அடித்தேன். ஒற்றுப்பிழை இல்லாமல் அடித்தேன்.

குளிக்கப் போனார். எனக்கு ஒரு சந்தேகம். இரட்டைப் பிள்ளைகள், சில்லு ஒன்றுதான். அப்படியானால் இது மட்டும் எப்படி ஓடுகிறது? அந்தக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் தேடினேன்.

இருந்தது. அதே பெயர். அதே கோப்பு. பறவையின் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

அட, என்ன மனுஷன்யா இது! என்னுதுலேர்ந்து எடுத்துட்டு இவருதுல வெச்சிருக்காரு. நாப்பது டேப்பாம்! ஒழுங்கா பராமரிக்கிறாராம்! பதினஞ்சு நாளு செருப்பு நாத்தத்துல உக்காந்தேனே, ஒரு வார்த்தை சொல்லலியே — யாரு கேட்டா இவருகிட்ட பறவை? நானா கேட்டேன்?

குளியலறையில் தண்ணீர் சத்தம் நிற்பதற்குள், அவர் கொடுத்த பென்டிரைவிலேயே அந்தக் கோப்பை எடுத்து, என்னுடையதில் போட்டு, அணைத்துப் போட்டேன். பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடிவீடு என்று எல்லா வைஃபையும் வரிசையாக வந்து நின்றன. நம்முடையது முதலில். கண்ணீர் வந்துவிட்டது. ஒரு வைஃபை சின்னத்தைப் பார்த்து அழுகிறவளாக ஆக்கிவிட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

கேட்டுவிட்டேன். சண்டை போடவில்லை. இரண்டு மடிக்கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினேன். 6ஆம் தேதிப் பதிவையும் காட்டினேன்.

பதிவை இரண்டு தடவை படித்தார். பிறகு, "இருபத்தெட்டு வரைக்கும்தான்... அப்புறம் திரும்பப் போட்டுடலாம்னு நெனச்சேன்" என்றார்.

"பரீட்ச இருபத்தாறு."

"நீ போன்ல பாத்துப்பன்னு நெனச்சேன்."

"போன் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"எப்ப?"

"நீங்க 'ம்'முன்னு சொன்னீங்க."

"உங்களுதுல ஏன் எடுக்கல?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: "எனக்கு வேலை இருக்குல்ல?"

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என் கணினியின் கடவுச்சொல்லை மாற்றினேன். நான்கு வருஷமாக அது அவருடைய பிறந்த தேதியாக இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

வெந்நீர்த் துணி வைத்துப் பறவையை உரித்தேன். ஒரு சிறகு கிழிந்தது. தாடிக்காரர் முகவரிக்கு ஒரு மெயில்:

"என் கணினியில் பூட்டிய கோப்பு ஒன்று இருக்கிறது. தெரிந்தே நான்தான் வைத்தேன். உங்கள் ஸ்டிக்கரைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன்."

வீட்டுக்காரருடைய கணினியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத விரல் துடித்தது. என் வாயால் எதற்கு? அவர் கணினி, அவர் பறவை.

நண்டுக்கும் எழுதினேன். "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் போடாமல், எந்தக் கோப்பு, எங்கே, எப்படி என்று ஒவ்வொரு வரியாக எழுதினேன். கடைசியில், "எடுத்தது வீட்டுக்காரர்" என்றேன்.

"இதே கேள்விக்கு இந்த வருஷம் நீங்கள் நான்காவது மனைவி" என்று பதில் வந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். இணைப்பு ஒரு தடவைகூட அறவில்லை. இரண்டாம் பகுதி கஷ்டம். ஒரு பதிவில் டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே பேசியிருந்தார். எழுதியிருக்கிறேன்.

வெளியே வந்தால் டி.வி. ஓடவில்லை. அத்தை சும்மா உட்கார்ந்திருந்தார். "உள்ள சத்தம் கேக்குமேன்னு நிறுத்திட்டேன்" என்றார். அவர் பார்க்கிற தொடரில் இன்று கல்யாணம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். கடைசி வரிசை. மேடையில் அவர், கையில் நான் தட்டிய தாள். பேச்சுக்கு முன்னால் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்க மாட்டார், எப்போதுமே அப்படித்தான். வேறு எதையாவது அதில் நான் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. சொன்னதைத்தான் தட்டுவேன்.

மூன்றாவது பத்தி வந்தது. நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். நாலாவது பத்திக்குப் போய்விட்டார்.

முடிந்ததும் தாடிக்காரர் எழுந்தார். "ஒரு ஸ்டிக்கர் திரும்பி வந்திருக்கு. எல்லார் வீட்டையும் செயலாளர் பாக்கறார். செயலாளர் வீட்ட யார் பாக்கறது?" மற்ற ஏழு பேரும் முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை சோதனை.

அக்டோபர் 4, சனி

தாடிக்காரர் வந்தார், பார்த்தார், "சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னே? நேற்றுக் காலையில்தான் இவர் அந்தக் கோப்பை எடுத்திருக்கிறார். நாளை மறுநாள் திரும்பப் போட்டுக்கொள்வார், எனக்கு இவரைத் தெரியாதா? அந்தக் கோப்பு இருக்கிற பென்டிரைவைக் கூடத்து மேசையில், அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். எத்தனை நாளில் எடுக்கிறார் பார்க்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

பென்டிரைவ் அங்கேயே இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

தேறிவிட்டேன். முதல் தேதியிலிருந்து தர ஆய்வாளர். அத்தையிடம் சொன்னேன். "யாரு தப்பு பண்ணாலும் நீதான் கண்டுபிடிக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதத்தான் ஏற்கெனவே பண்ணிட்டிருக்கியே" என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

சோதனை முடிந்து ஒன்பது நாளாகிறது. பென்டிரைவ் மேசையில் வைத்த இடத்திலேயே இருக்கிறது, மேலே தூசி. அவர் செருப்பு அலமாரியை ஒட்டி, அதே ஸ்டூலில், போனையும் வயரையும் மடிக்கணினியையும் மடியில் குவித்து உட்கார்ந்து வேலை செய்கிறார். முதுகு வலிக்கிறது போலிருக்கிறது, அடிக்கடி நெளிகிறார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தக் கோப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளாமல் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மதியம் என் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். இந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. அத்தை தள்ளிக்கொண்டு வருவார். வீட்டுக்காரர் பேசிக்கொண்டே வருவார்.

அவர்தான். வாசலிலேயே நின்றார்.

"போன்ல நிக்கவே மாட்டேங்குது. ஒரு மெயில் அனுப்பணும். உன் கம்ப்யூட்டர்ல... நீயே அனுப்பினாலும் சரி."

"சொல்லுங்க" என்றேன். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல, எழுத்து மாறாமல் தட்டினேன்.